நாற்பத்தெட்டுப் பக்கக் கணக்கு

சிராக்கூஸ்,
கார்த்திகை மீன்கள் மறைய இருபது நாள்

அன்புத் தம்பி ஃபானியாஸுக்கு,

அக்காவின் ஆசிகள். போன கப்பலில் அனுப்பிய கணக்குச் சுருளை அங்கே அறிஞர் சபையில் வாசித்துவிடாதே. அதில் தப்பு செய்துவிட்டேன்.

வட்டத்துக்கு வெளியே வரையும் பலகோணம் எப்போதும் வட்டத்தைவிடப் பெரிதாக நிற்க வேண்டும். வர்க்கமூலத்தில் விழும் மிச்சத்தை அது பெரிதாகும்படியே தள்ள வேண்டும். நாற்பத்தெட்டுப் பக்கமுள்ள பலகோணம் வந்தபோது, உள்ளே வரையும் பலகோணத்துக்குச் செய்கிற பழக்கத்தில், சிறிதாகும்படித் தள்ளிவிட்டேன். வட்டத்தின் சுற்றளவை அளந்த நம் ஊர்ப் பெரியவர் தொண்ணூற்றாறு பக்கத்தோடு நிறுத்தியதை நாம் தாண்டப் போகிறோம் என்ற திமிர்தான், வேறென்ன.

இந்த வாசிப்பை நம்பித்தானே உனக்கு அந்தச் சபையில் இடம். இதைச் சீக்கிரம் சேர்க்கச் சொல்லி மாலுமியிடம் கெஞ்சினேன். "கார்த்திகை மீன் மறைஞ்சா குளிர்காலம் முடியிற வரைக்கும் கப்பல் விடமாட்டாங்கம்மா. காத்து ஒத்து வந்தாத்தான் அதுக்குள்ள போய்ச் சேரும்" என்கிறான்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மிர்ட்டோ


அலெக்சாந்திரியா,
வசந்தத்தின் முதல் கப்பல்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வாசிப்புக்கு முந்தின நாளே வந்துவிட்டது. திருத்த எனக்குத் தெரியவில்லை. தள்ளிப்போட்டால் இடம் போய்விடும் என்று பயம். யார் பார்க்கப்போகிறார்கள் என்று வாசித்துவிட்டேன்.

லிகோர்டாஸ் என்று ஒரு கிழவர், "நாப்பத்தெட்டுல மிச்சத்த எங்கய்யா முழுங்கின?" என்றார். "அது நான் போடலீங்க. ஊர்ல எங்கக்கா போட்டது. பொம்பளைக் கணக்கு, நம்பிட்டேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. தப்பு என்னுடையதில்லையென்று இடம் கொடுத்துவிட்டார்கள்.

கோபப்படாதே அக்கா. என் நிலைமையில் நீ இருந்தால் தெரியும். கணக்கைச் சீக்கிரம் திருத்தி அனுப்பு. என் பெயரில் வாசித்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
ஃபானியாஸ்


சிராக்கூஸ்,
பார்லி அறுவடை நாள்

ஃபானியாஸுக்கு,

இடம் கிடைத்தது பற்றிச் சந்தோஷம். குளிர்காலம் முழுக்க உனக்கு என்ன ஆயிற்றோ என்று துறைமுகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் அழுதேன்.

கணக்கைத் திருத்திவிட்டேன். நாற்பத்தெட்டிலிருந்து மறுபடி போட்டு, நூற்றுத்தொண்ணூற்றிரண்டு வரை போயிருக்கிறேன். உனக்கு அனுப்பவில்லை. இதே கப்பலில் லிகோர்டாஸுக்கு நேரே அனுப்பிவிட்டேன். தப்பு எங்கே நடந்தது, யார் செய்தது என்பதையும் எழுதியிருக்கிறேன். தப்பு என்னுடையது என்று சபையில் நீயே சொன்ன பிறகு, கணக்கு மட்டும் எப்படி உன்னுடையதாகும்?

அவர் அதைச் சபையில் வாசிக்கும்போது நீயும் அங்கே உட்கார்ந்திருப்பாய். ஏதாவது படியில் சந்தேகம் வந்தால் எனக்கே எழுதும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

டெமோனின் மகள்,
மிர்ட்டோ