நூற்றெண்பது வரை தாங்கும் டயர்

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் புது ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. நேற்று இறக்கிய சரக்கு. உன் காருக்குப் போட்ட அதே ரக டயர்கள் முன்வரிசையில் நிற்கின்றன. நீ செத்துப்போய் நாற்பது நாள் ஆகிறது. துஷ்டி வீட்டில் சொல்ல முடியாததை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். நீ டாக்டராகி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரி வைத்தாய். நான் ராஜபாளையத்தில் இந்த டயர் கடைக்கு வாழ்க்கைப்பட்டேன். கீழே கடை, மாடியில் வீடு, நடுவில் பதினாறு படி. என் போக்குவரத்து அம்புட்டுத்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்று நாலில், உன் சின்ன மாருதிக்கு டயர் மாற்ற வந்தாய். டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணையும் எழுத்தையும் தொட்டு, "என்னட்டி இது, ஜாதகம் மாதிரி?" என்றாய். எண் சுமைக்கு, எழுத்து வேகத்துக்கு, S என்றால் மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் வரை தாங்கும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய்.

"நூத்தியெம்பதுல போற டயர விக்கிற. பன்னெண்டு கிலோமீட்டர்ல இருக்க எங்க வீட்டுக்கு வர மாட்டேங்கிற!"

எனக்குச் சுருக்கென்றது. வியாபாரப் பேச்சுக்குத் தாவினேன். "ஒத்த ஆளுதான போற? இந்த வண்டிக்குச் சின்ன நம்பரே போதும்."

"ஒத்த ஆளா? அப்ப நீ ஏற மாட்டியா? பெரிய நம்பரே போடு. செண்பகத்தோப்பு வரைக்கும் போயி, செத்த நேரம் தண்ணியில கால நனச்சிட்டு வருவோம்."

பெரிய நம்பரே போட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து ஹாரன் அடித்தாய். முதல் முறை சரக்கு வருகிறது என்றேன். அடுத்த முறை மாமியாருக்கு முடியவில்லை என்றேன். மூன்றாம் முறை, "அவிய விட மாட்டாவ" என்றேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "டாக்டரம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று அவர் கேட்டபோதெல்லாம், தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உண்மை இதுதான். அந்த மூன்றாம் ஞாயிறு அவரே, "போயிட்டு வா, கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். புடவைகூட மாற்றிவிட்டேன். ஒரு தடவை போய்விட்டால், திரும்பி வந்து இந்த ஸ்டூலில் உட்கார என்னால் முடியாது என்று பயந்துபோனேன்.

என் பேச்சை நம்பி ஐந்து வருடம் ஒரு நல்ல மனிதரை வெறுத்தாய். வெறுத்தபடியே போயும்விட்டாய். அவரிடம் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.