மாஸ்டரை அணைத்த நாள்

ஆகஸ்ட் 11, 2005, வியாழன்

இன்று ஆய்வகத்தில் எட்டு புளூடூத் கருவிகளை ஒரே மேசையில் இணைத்தோம். ஒன்று மாஸ்டர். மற்ற ஏழும் அதனிடம் மட்டுமே பேசும். சோதனைக்காக அந்த மாஸ்டரை அணைத்தேன்.

"சேச்சி, இனி இதுக ஒண்ணுக்கொண்ணு மிண்டாது, கேட்டோ" என்று சிரித்தான், கூட வேலை பார்க்கும் மலையாளி பிஜு.

ஏழும் சாண் இடைவெளியில் ஊமையாகக் கிடந்தன. ஏதாவது ஒன்று முதலில் கூப்பிட்டால்தான் மறுபடி இணையும். அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

விதுராவில் இருக்கும் அண்ணன் சேதி எனக்கும், என் சேதி அவனுக்கும் அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவின் பதினாறாம் நாளன்று ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பேசவில்லை. அவன் கூப்பிடப் போவதில்லை. சரி, நானே கூப்பிட்டுத் தொலைக்கிறேன் என்று இப்போது செல்போனை எடுத்தேன்.

அதில் அண்ணன் நம்பர் இல்லை.