நான் இல்லாத மேசையில்

இன்று வெள்ளிக்கிழமை. நாம் ஒன்றாக வேலைசெய்த முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் வழக்கம்போல வாஃபிள் அப்பம் சுடுகிறார்கள். நடைபாதை முழுக்க ஏலக்காய் வாசம். உன் நாற்காலியில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். நீ செத்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

ஏழாம் அறைக் கிழவர் கறுத்த கை தன்னைத் தொடக்கூடாது என்று என்னைப் பார்த்துக் கத்திய நாளைச் சொல்கிறேன். அவர் கத்தியதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த கிழமை வேலைப் பட்டியலில் அந்த அறைப் பக்கமே என் பெயர் இல்லை. அதுதான் சுட்டது. ஏன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலை குறைந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நீ மட்டும் உடை மாற்றும் அறைக்கு வந்து, நடந்தது பிழை என்று என் கையைப் பிடித்தாய். நான் கையை இழுத்துக்கொண்டேன். நாம் பேசியது உன் நோர்வேஜிய மொழியில்தான். எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழில் கிடக்கிறது.

"நான் இல்லாத நேரம் உங்கட ஆக்கள் இதைப் பற்றிக் கதைக்கிறவையோ?"

நீ பொய் சொல்லவில்லை. "இல்லை. மழையைப் பற்றிக் கதைப்பம், விடுமுறைக்குப் போற மலைவீட்டைப் பற்றிக் கதைப்பம். இந்தக் கதை வந்தால் ஆராவது கோப்பி ஊத்த எழும்பிவிடுவினம்."

"அப்ப எனக்குச் சொல்லாதை. அங்கை போய்ச் சொல்லு."

அதன் பிறகு கொஞ்ச நாளில் நீ மதியத்தில் காருக்குள் இருந்து சாப்பிடத் தொடங்கினாய். என் முகத்தில் விழிக்க வெட்கம் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் என் பெயர் பட்டியலுக்குத் திரும்பி வந்தது. மேலாளருக்குப் புத்தி வந்துவிட்டதாக்கும் என்று இருந்துவிட்டேன். இவர்களின் இரக்கம் உடை மாற்றும் அறையோடு சரி என்று வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். உனக்குக் காலை வணக்கம் சொல்வதையும் நிறுத்தினேன். பிறகு நீ நோய் விடுப்பில் போனாய், திரும்பி வரவில்லை.

உன்னை அடக்கம் செய்த பின், கேக்கும் கோப்பியுமாக எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். நம்மோடு வேலைசெய்யும் ஒருத்தி எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். நீ காருக்குப் போகும்வரை, தினமும், என் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று நான் இல்லாத மேசையில் கேட்டாயாம். சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்கிறாய் என்று அவர்கள் உன்னோடு உட்காருவதையே விட்டார்களாம். எல்லோரும் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் என் சோற்றுப் பெட்டியோடு உன் காருக்கு வந்திருப்பேனே, பாவி.

போன சனிக்கிழமை பியோர்ண்டால் என்ற புறநகரில் ஒரு பிறந்தநாள் விருந்து. முழுக்க எங்கள் தமிழ் ஆட்கள். வீட்டை விற்கப்போகும் ஒருவருக்கு, சோமாலியருக்கு மட்டும் கொடுத்துவிடாதே, கட்டடமே நாறிவிடும் என்று ஒரு அண்ணை புத்தி சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இத்தனை வருடம் இப்படியான இடங்களில் நானும் சிரித்தவள்தான். அன்று தட்டைக் கீழே வைத்தேன்.

"அவை இஞ்சை இருந்தால் இதைச் சொல்லுவியளோ அண்ணை?"

"அவை இல்லைத்தானே தங்கச்சி. நாங்கள் எங்கட ஆக்களுக்குள்ளை கதைக்கிறம்."

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

வீட்டுக்காரி அவசர அவசரமாகக் கேக் வெட்டக் கூப்பிட்டார். என் கணவர் முழங்கையால் இடித்து, எழும்பு, போவோம் என்றார். நான் எழும்பவில்லை. கேக்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அந்த அண்ணையிடம் அதையே இன்னொரு தரம் கேட்டேன்.

இனி எங்களை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று என் கணவருக்குக் கவலை. கூப்பிட்டால் போவேன். போனால் திரும்பவும் கேட்பேன்.