ரோக்கிக்குப் புரட்டாசி போதும்

என்னங்க,

வாயைத் திறந்தால் சண்டை வரும், அதான் எழுதுகிறேன். ரோக்கியைக் கூட்டிவர ஷா ஆலம் நாய் கிளினிக்குக்குப் போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது.

நாய்க்கும் புரட்டாசி சைவம் என்று மூன்று வாரம் சாம்பார் சோறு போட்டோம். அதிலிருந்த வெங்காயம்தான் ரத்தத்தைக் கெடுத்ததாம், டாக்டர் சொன்னார். மேசைமேல் இரண்டு பை நாய்த்தீனி இருக்கும். பாசார் சந்தையில் நீங்கள் வாங்கிய பிளாஸ்டிக் பையில் பேரும் இல்லை, தேதியும் இல்லை, தூக்கிப் போடுங்கள். இன்னொன்றில் முதல் பொருளே கோழி என்று போட்டிருக்கிறது, கம்பெனி விலாசமும் இருக்கிறது. இனிமேல் அதுதான், புரட்டாசியிலும்.

எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா கேட்டால் லேசான காய்ச்சல் என்று சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் விரதம் சொல்கிற அவர் குப்பைத்தொட்டியில் கோழி எலும்பு கிடந்ததை நான் பார்த்தேன். அவர் நாய் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது.

எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. உங்கள் சட்டைகளைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

ராஜினி

பி.கு.: சாம்பார் ஊற்றியது நீங்கள்தான் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தேன். காலையில் நீங்கள், சாயங்காலம் நான். இன்றைக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.