சிவப்பு எண் எழுதிய கதவுகளைப் படமெடுப்பது குறித்து

அனுப்புநர்:
மா. சின்னப்பையன்,
கதவு எண் 17, ஏரிக்கரை, தேன்பாறை நகர்,
கொரட்டூர், சென்னை – 80.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
மக்கள் வாழ்வியல் புகைப்படத் திட்டம்,
அம்பத்தூர்.

பொருள்: எங்கள் அன்றாட வாழ்க்கையைப் புகைப்படம் எடுப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் தேன்பாறை மலையிலிருந்து வந்தவர்கள். 1964இல், நான் சிறுவனாக இருந்தபோது, மலைமக்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். திருவிழா உடையில் வரிசையாக நின்றோம். அதெல்லாம் வேண்டாம், எப்போதும்போல இருங்கள் என்றார். அதன்படி என் தகப்பனார் புதுச் சட்டையைக் கழற்றினார். என் தாயார் வெறும் உரலைக் குத்தினார். சாமை அப்போது அறுவடையாகவில்லை.

2. பின்னர் அதிகாரியுடன் வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் சிவப்புச் சாயத்தில் எண் எழுதினார்கள். அரசாங்கம் எங்களை அடையாளம் கண்டுகொண்டதென்று மகிழ்ந்து, பெண்கள் எண்களைச் சுற்றிக் கோலம் வரைந்தார்கள். விருந்தினரை எல்லைவரை கூட்டிச்சென்று வழியனுப்புவது எங்கள் வழக்கம். அப்படியே ஊற்று, ஒற்றையடிப் பாதை, ஊர் எல்லை எல்லாவற்றையும் காட்டினோம். ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்கள். மழைக்கு முன் அதே ஜீப் வந்தது. இது காப்புக்காடு, எவரும் குடியிருக்கக் கூடாது என்ற உத்தரவை வீட்டு எண் வாரியாக வாசித்தார்கள். கோலம் போட்டிருந்ததால் எந்தக் கதவையும் தேட வேண்டியிருக்கவில்லை. மலையிறங்கி, இந்த ஏரிக்கரையில் குடிசை போட்டு, பழைய ஊரின் பெயரையே வைத்துக்கொண்டோம்.

3. சென்ற ஆண்டு, சென்னையில் நடந்த வரலாற்றுப் புகைப்படக் கண்காட்சியில் அந்தப் படங்களைக் கண்டேன். மிகத் தெளிவான படங்கள். என் தாயாரின் படத்துக்குக் கீழே, ‘தானியம் குத்தும் பெண். இம்மக்கள் பின்னர் இடம்பெயர்ந்தனர்’ என்றிருந்தது. இடம்பெயர்வதில் எங்களுக்கு இருந்த ஆர்வத்தை அன்றுதான் அறிந்தேன்.

4. கடந்த செவ்வாயன்று தங்கள் அலுவலகத்தார் கேமராவுடன் எங்கள் நகருக்கு வந்தனர். பண்பானவர்கள். தொழிற்பேட்டை வேலைக்குக் கிளம்பி நின்ற என்னை, சீருடைச் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்காரக் கேட்டுக்கொண்டனர். பக்கத்து வீட்டு ராஜம்மாவை அடிபம்பில் தண்ணீர் அடிக்கச் சொன்னார்கள். அதில் தண்ணீர் நின்று வெகுநாளாயிற்று என்று தெரிவித்தோம். பரவாயில்லை, எப்போதும்போல அடிக்கட்டும் என்றார்கள். ராஜம்மாவும் மலையிறங்கியவர்தான், பேச்சு மட்டும் பட்டணத்துப் பேச்சாகிவிட்டது. அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: “எந்தத் தேதிக்கு ஊட்டைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டுப் படம் புடி நைனா. அதுக்கேத்த மாதிரி சிரிச்சிகினு நிக்கிறேன்.” இதை மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம்.

எங்கள் இளைஞர்கள் வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஏரி மதகுவரை கூட்டிச்சென்று, நகர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டி வழியனுப்பினார்கள். அந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

5. ஆகவே படமெடுப்பதை நிறுத்துமாறு வேண்டுகிறோம். உத்தரவு ஏற்கெனவே தயாராகியிருந்தால், பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரையாவது அதை வாசிக்காமல் வைத்திருக்கவும். அம்பத்தூர் ஸ்டுடியோவில் நாங்களே எடுத்துக்கொண்ட படம் ஒன்றை இணைத்துள்ளோம். எல்லோரும் சட்டை அணிந்திருக்கிறோம். பின்புறம் பெயர்கள் உள்ளன. பிற்காலத்தில் கண்காட்சி வைக்க நேர்ந்தால் இதையே மாட்டவும்.

6. அனுப்புநர் முகவரியில் கதவு எண் 17 என்று எழுதியுள்ளேன். நேற்றுவரை என் வீட்டுக்கு எண் கிடையாது. இன்று காலை பார்த்தேன். சிவப்புச் சாயம் இன்னும் காயவில்லை. நாங்கள் கோலம் எதுவும் போடவில்லை.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மா. சின்னப்பையன்
(தேன்பாறை நகர் மக்கள் சார்பாக)

இடம்: கொரட்டூர்
நாள்: 12.2.1993