சவரியம்மாளின் ஜெபமாலையில் என் பாதி

786

போத்தனூர்
14-9-1994

அன்பு மகன் முஸ்தபாவுக்கு அம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் நீயும் நஸ்ரியாவும் குழந்தை ரம்ஷாவும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், முஸ்லிமாகவும் இருக்கிறேன். இந்த இரண்டாவது விஷயத்தை எழுத வைத்தவன் ஜவுளிக்கடை ஜபருல்லா. உன் அம்மா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள், சாயங்காலமானால் ஜெபமாலையும் கையுமாக இருக்கிறாள் என்று உனக்கு ஃபோன் போட்டுச் சொன்னானாமே. ஜெபமாலை வரைக்கும் உண்மை. சேர்ந்தது பொய். என்னைப் போல ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு எந்த ஃபாதர் தன் நிம்மதியைக் கெடுத்துக்கொள்வார்? போன மாதம் சவரியம்மாளைப் பார்க்க வந்த ஃபாதரின் இங்கிலீஷை வாசலிலேயே நிறுத்தித் திருத்தி அனுப்பியவள் நான்.

சவரி கான்வென்டில் என் பெஞ்சுக்காரி, கிறிஸ்துமஸுக்கு உனக்குத் தனியாகக் கேக் கொடுத்து அனுப்புவாளே, அவளேதான். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறாள். தினமும் ஜெபமாலை சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது, அதை முறையாகச் சொல்ல இரண்டு பேர் வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் வரும் ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர் சொல்வார். அவள் மகன் அமலதாஸ் பெந்தகோஸ்தே சபையில் சேர்ந்து, பவானி ஆற்றில் மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவன். அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பெண் பிள்ளை மாதிரி கவனிக்கிறான், குறை சொல்லக்கூடாது. ஆனால் மரியாளிடம் வேண்டுவது பைபிளில் இல்லை என்று சொல்லி ஜெபமாலைக்கு மட்டும் வாய் திறக்க மாட்டான். மாதா கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த பெண்களிடமும் வசனம் வசனமாக வாதாடி, அவர்கள் வருவதே நின்றுபோயிற்று. அதனால் நான் போனேன். வேதபாடத்தில் வேதக்காரப் பெண்களையெல்லாம் முந்திப் பரிசு வாங்கியவள் நான் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, இன்னொரு தடவையும் சொல்லிக்கொள்கிறேன்.

முன்பாதியில் எனக்குச் சங்கடம் இல்லை. வானத்து மலக்கு வந்து மர்யமுக்குச் சொன்ன வாழ்த்துத்தானே, நம் குர்ஆனில் அவர் பெயரில் ஒரு சூராவே இருக்கிறது. பின்பாதி ‘சர்வேசுரனுடைய மாதாவே’ என்று வரும், அல்லாஹ்வுக்குத் தாய் ஏது, அங்கே நான் நிறுத்திக்கொள்வேன், சவரி அவள் பாதியைச் சொல்வாள். முதல் நாள் வெகு கம்பீரமாக ஆரம்பித்தேன். பத்து மணி உருட்டினால் ஒரு நிறுத்தம் என்பதை விரல் மறந்துவிட்டது, நம் தஸ்பீஹ் மணிமாலைப் பழக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறேன். கண்ணை மூடிக் கிடந்தவள் குழறிக்கொண்டே, “ஏனம்மணி, பத்து முடிஞ்சுபோச்சு, உன்ற மணி மாதிரி முப்பத்துமூணு வரைக்கும் இழுத்துப்போட்டீன்னா நான் போய்ச் சேர்றப்ப மோட்சத்துல கதவைச் சாத்திப்போடுவாங்க” என்றாள். பரிசு வாங்கியவளின் லட்சணம் இது. பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் கொடுமுடிப் பிரசாதத்தோடு வந்தவள், எல்லாச் சாமியும் ஒண்ணுதானுங்களே என்றாள். ஒன்றென்றால் நான் ஏன் ஒவ்வொரு மணியிலும் பிரேக் போடுகிறேன்?

பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. பெற்றவளுக்காகப் பாதி ஜெபம் சொல்ல உனக்கு என்ன வலிக்கிறது என்று அமலதாஸைக் கேட்டேன். அவன் கொஞ்சமும் கோபப்படாமல், “ஏனுங்க சபுராம்மா, நீங்களும் பாதியிலதானுங்க நிறுத்திப்போடறீங்க, நீங்க சொல்ற அந்தப் பாதிகூட என்னால ஆகாதுங்க” என்றான். ஒரு கிறிஸ்தவனைவிட நான் அதிகமாகச் சொல்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சவரிக்குக் குரலே வரவில்லை. என் பாதியைச் சொல்லி நிறுத்தினேன், அவள் பாதிக்கு ஆகும் நேரம் காத்திருந்தேன், அடுத்த மணிக்குப் போனேன். கடைசி வரை அப்படியே. அமலதாஸ் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்த பிறகு அவள் என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. எங்கள் மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்பது அந்தப் பின்பாதியில்தான் வருகிறது, முஸ்தபா. எல்லாருக்கும் திருத்தம் சொல்கிறவளுக்கு இதில் எது சரி என்று தெரியவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால்தான் அவரிடம் போகவில்லை.

ஃபோனில் நீ போவதை நிறுத்தச் சொன்னாய், நிறுத்த மாட்டேன். உன் பதில் வரும் வரை முன்பாதியோடு போய்வருவேன். ரம்ஷாவுக்குச் சளி இருந்தால் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று நஸ்ரியாவிடம் சொல். வேலை வேலையென்று தொழுகையைத் தள்ளிப்போடாதே. உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கிடைக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

அவளுக்காக அந்தப் பின்பாதியை நான் சொல்லலாமா, கூடாதா, உன் மனதில் பட்டதைச் சொல். ஃபோனில் சொன்னால் நடுவில் புகுந்து நானே பேசிவிடுவேன். தாமதிக்காமல் கடிதமாக எழுதி அனுப்பு.

உன் அம்மா,
சபுரா