அந்தப் பலகையில் அப்படி எழுதியிருக்கவில்லை

அன்புள்ள குணம் அண்ணைக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்கமாட்டோம் என்கின்றன. ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே தொங்குகிறது. இவ்வளவு எழுதுவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

நாகலிங்கத்தின் எழுத்து ஏன் இப்படிக் குழந்தைப்பிள்ளை எழுத்தாக இருக்கிறது என்று யோசிப்பீர்கள். அப்போது எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, அண்ணை. ஆறு வயதில் என்னை மாடு மேய்க்க விட்டார்கள், அதோடு சரி. பதினொரு வருடம் சனிக்கிழமைதோறும் உங்களோடு நடந்தும் அதை நான் சொல்லவில்லை. எனக்கு அதிலே அவ்வளவு வெட்கம்.

இப்போது தெரியும். குவேக்கர்ஸ் ஹில்லில் ரஞ்சி ரீச்சர் புதன்கிழமைகளில் நாலைந்து கிழடுகளை வைத்துச் சொல்லித் தருகிறா. தமிழ் முடித்து ஆங்கிலமும் தொடங்கிவிட்டேன். முன்பெல்லாம் ரெயிலில் விரல் மடித்து ஸ்ரேசன்களை எண்ணித்தான் இறங்குவேன். இப்போது பெயரை வாசித்து இறங்குகிறேன். ஹரிஸ் பார்க்கில் ஒவ்வொரு கடைப்பலகையாக வாசித்துக்கொண்டு நின்று மகளிடம் ஏச்சும் வாங்கினேன். எழுபத்து நாலு வயதில் இப்படி ஒரு சந்தோசம் வரும் என்று யார் கண்டது?

ஆனால் சந்தோசத்தைச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நடந்து முடித்த பிறகு பப் தெரிவு செய்கிற உங்கள் முறை நினைவிருக்கிறதா? ரிச்மண்ட் வரை ரெயிலில் போய் இறங்கி, ஆற்றோரமாக மத்தியானம் வரைக்கும் நடப்போம். கடைசி வருடங்களில் உங்கள் கண் மங்கிவிட்டது. என் தோளில் கை வைத்துத்தான் நடப்பீர்கள். ஏதாவது ஒரு சின்ன ஊரில், பப் வாசலில் என்னை நிறுத்தி விசாரணை தொடங்குவீர்கள்.

"நாய்க்குத் தண்ணி வைச்சிருக்கினமோ, பார்."

"ஓம் அண்ணை, நீலச் சட்டியில."

"டை கட்டினவன் ஆரும் நிக்கிறானோ?"

"இல்லை."

"வெளியில இருக்கிற கிழவன்மார் சப்பாத்து நாடாவை அவிழ்த்து விட்டிருக்கினமோ?"

"ஒராள் சப்பாத்தையே கழட்டிப் போட்டு இருக்கிறார்."

"அப்ப அதுதான் எங்கட இடம். வா!"

அந்த விசாரணை எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் எழுத்தே கிடையாது. உள்ளே போனால் நீங்களே ஆங்கிலத்தில் பியரில் லெமனேட் கலந்த ஷண்டி இரண்டும் ஒரு தட்டு சிப்ஸும் கேட்பீர்கள். உங்கள் வீட்டில் பூரணம் அக்காவிடம் வெறும் லெமனேட் என்று சொல்வோம். எங்காவது வாசிக்க வேண்டி வந்தால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். "உன்ர கண்ணாடி வீட்டைவிட்டு வெளிக்கிட்டதே இல்லையோடா?" என்று பகிடி பண்ணுவீர்கள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பச்சைத் தகரக் கூரை போட்ட பப். முதல்நாள் மழை என்பதால் இருவர் சப்பாத்திலும் சேறு. நாய்த்தண்ணீர் இருந்தது. நாடா அவிழ்த்த கிழவர்கள் இருந்தார்கள். உள்ளேயிருந்து குழம்பு வாசமும் சிரிப்புச் சத்தமும் வந்தன. வாசலில் ஒரு பெரிய பலகை. நீங்கள் பையைத் திறந்து உங்கள் பழைய கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தீர்கள்.

"டொக்டர் சொல்லிப்போட்டார், இனி எனக்கு வாசிப்பு இல்லையாம். இது உனக்கு. இண்டைக்கு சிப்ஸ் வேண்டாம். பலகையில கிடக்கிற சாப்பாட்டை ஒவ்வொண்டா வாசி. நான் ஆறுதலாக் கேட்டுத் தெரிஞ்செடுக்கப் போறன்."

கண்ணாடியைப் போட்டேன். பலகை முழுக்க வெள்ளைப் புழுக்கள். எனக்குத் தெரியாது அண்ணை என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது வேறு.

"உறுப்பினருக்கு மட்டுமாம் அண்ணை."

"உறுப்பினருக்கோ? இது பப் எல்லோ? கிளப் இல்லையே?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"உள்ள ஆரும் நிண்டால் கேட்டுப் பாரன்."

உள்ளே ஒரு பெண் நின்றா. தோளில் துவாய். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, வாருங்கள் வாருங்கள் என்று எங்களைக் கை காட்டிக் கூப்பிட்டா. உங்களுக்கு அது தெரியவில்லை. நான் என்ன சொன்னேன்?

"போகச் சொல்லிக் கை காட்டுறா, அண்ணை."

நீங்கள் குனிந்து, தெரியாத கண்ணால் உங்கள் காலைப் பார்த்தீர்கள். "சப்பாத்தில சேறு எண்டாக்கும்" என்றீர்கள். பிறகு சேட்டுக் கொலரை நேராக்கிவிட்டு, "சரி தம்பி. வேண்டாமெண்ட இடத்தில ஏன் நிப்பான்?" என்று என் தோளைத் தேடினீர்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வாடகை வீடு கேட்டுப் போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள் என்று நீங்கள் எத்தனை தரம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அது தெரிந்திருந்தும் இன்னொரு கதவை உங்கள் முகத்தில் நான் சாத்தினேன். திறந்து கிடந்த கதவு அது, அண்ணை.

அடுத்த சனிக்கிழமை, "பார்க்கைச் சுத்தி நடந்தால் போதுமடா" என்றீர்கள். பிறகு நாங்கள் ஆற்றுப்பக்கம் போகவேயில்லை. குளிர்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள்.

நீங்கள் போனாலும் என் பொய் போகவில்லை. மேய்ஸ் ஹில் கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் இருக்கும்போது, பூரணம் அக்கா ஆட்களிடம் சொல்லுவா: "சேத்துச் சப்பாத்தெண்டு இவரைத் துரத்தி விட்டவையாம். அதுக்குப் பிறகு மனுசன் வெளிக்கிடவே இல்லை. கேளுங்கோ, நாகலிங்கமும் பக்கத்தில நிண்டவர்." எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன்.

அதற்காகத்தான் படிக்கப் போனேன். ரீச்சருக்கு அது தெரியாது.

போன சனிக்கிழமை தனியாகப் போனேன். உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்று, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். கால் வலிக்கும் மட்டும் நின்றிருப்பேன். கதவு திறந்தது. அதே பெண். தலை நரைத்திருக்கிறது.

"யூ ஓகே, லவ்?"

"ரீடிங்" என்றேன்.

அவ பலகையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "டேக் யுவர் டைம்" என்று சொல்லிவிட்டுக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் போனா.

சாப்பாட்டை அவர்கள் தினம் அழித்துச் சோக்கால் எழுதுகிறார்கள். ஆனால் மேல் வரி வண்ணத்தில் எழுதியது. வண்ணம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, பழசு. அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?

நடந்து வருகிறவர்கள் வரலாம். சேற்றுச் சப்பாத்தும் வரலாம்.

நான் வாசலில் கிடந்த மர வாங்கில் குந்திவிட்டேன். வாழ்க்கையில் வகுப்புக்கு வெளியே முழுதாக வாசித்து முடித்த முதல் ஆங்கில வரி அது. வாசித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். என்னத்தை வாசித்தேன் என்று அதே நேரம் ஒரு அடி. இரண்டும் எப்படி ஒன்றாக வரும், அண்ணை?

அன்று வாசிக்காததை இன்று வாசிக்கிறேன், கேளுங்கள். பூசணிக்காய் சூப். ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பை. பொரித்த மீன். அப்பிள் போட்ட ஒரு இனிப்பு. நீங்கள் எதைத் தெரிந்தெடுத்திருப்பீர்கள்? மீனா? நான் உள்ளே போய்ச் சூப் கேட்டேன், பலகையில் இருந்த அதே சொல்லால். அது நன்றாக இருந்தது. இதையும் ஒளிக்கமாட்டேன், கோப்பையைப் பாண் துண்டால் துடைத்துச் சாப்பிட்டேன்.

நேற்று அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, சனிக்கிழமை என்னோட ஒரு இடத்துக்கு வரவேணும். அண்ணையைத் துரத்தினதெண்டு சொல்லுவியளே, அந்த இடம்."

"உனக்கென்ன விசரோ? அந்தப் படியை நான் மிதியன்."

"மிதிக்க வேண்டாம். வாசல்ல ஒரு பலகை இருக்கு. நான் வாசிக்க நீங்கள் கேட்டால் போதும்."

"நீ வாசிக்கிறதில என்ன புதினம்?"

"அங்க வந்து சொல்லுறன்."

"புட்டு அவிச்சுக் கட்டிக்கொண்டு வாறன். அவையின்ர சாப்பாட்டில ஒரு வாயும் எனக்கு வேண்டாம்" என்றா.

சனிக்கிழமை அந்தப் பலகைக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அண்ணை. வாசிக்கத் தெரியாததையும், கூப்பிட்ட கையையும். பிறகு கோயிலில், அதே ஆட்களுக்கு முன்னாலும் சொல்லுவேன். இது சத்தியம். அக்கா ஏசட்டும். புட்டை அவிழ்க்காமலே திரும்பி நடக்கட்டும். என்ன நடந்தாலும் அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுவேன். கண்ணாடியைத் தா என்று அவ கேட்டால் கொடுத்துவிடுவேன். அப்போது எழுத்து இதைவிடக் கோணலாக வரும். பொறுத்து வாசியுங்கள்.

நீங்கள் தோளில் கை வைத்து நடந்த தம்பி,
நாகலிங்கம்